சேமிப்பு வங்கியில் ஒரு கருடன்

ஒரு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள வேறு ஒன்றும் இல்லாதபோது அது தன் பெயரை மாற்றிக்கொள்ளும். பெயரை மாற்றியும் யாரும் கவனிக்கவில்லை என்றால் சின்னத்தை மாற்றும். நான் வேலைக்குச் சேர்ந்து பென்ஷனோடு வெளியே வந்த சேமிப்பு வங்கி, இரண்டையும் சளைக்காமல் செய்திருக்கிறது. (அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எந்தக் காலத்துப் பெயரை எழுதுவது என்று முடிவு செய்யவே ஒரு கமிட்டி போட வேண்டியிருக்கும்.)

போன மாதம் அங்கிருந்து ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். ஆண்டு மலரில் வங்கியின் பழைய சின்னங்களை வரிசையாக அச்சிடப் போகிறார்களாம். நெற்கதிர்க் கட்டில் தொடங்கி, இப்போதுள்ள அர்த்தமில்லாத இரண்டு வளைகோடுகள் வரை வரைந்து கொண்டுவந்திருந்தாள். "ஏதாச்சும் விட்டுப்போச்சா சார்?" என்று கேட்டாள். ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று சொல்லிவிட்டேன். அது பொய். ஒரு காப்பி ஆறும் நேரம்கூட மாட்டியிருக்காத ஒரு சின்னம் விட்டுப்போயிருந்தது. அதை வரைய ஏற்பாடு செய்தவன் நான். அதைத் திரை விலக்கிக் காட்டியவனும் நான்.

அது ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலம். கெடா மாநிலத்தில், கூலிமிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு சிறிய டவுனில், தபால் ஆபீசுக்குள் ஒரு கவுண்டராக எங்கள் வங்கி இருந்தது. நான் அதன் இளைய கிராணி, அதாவது குமாஸ்தா. அப்பா எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை வரை பாஸ் பண்ணியவன் என்பதால், எனக்குத் தெரியாதது எதுவும் இருக்க முடியாது என்பது என் எண்ணம். மற்றவர்கள் தேவாரம் படிப்பதுபோல் நான் இலாகா விதிப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். எந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (யாரும் எழுப்பிக் கேட்கவில்லை.)

வாசலில் ஒரு தேக்குப் பலகை தொங்கியது. அதில் வெள்ளைக்காரன் காலத்தில் நெற்கதிர்க் கட்டு ஒன்றைப் புடைப்பாகச் செதுக்கி, கீழே இங்கிலீஷில் பெயர் எழுதியிருந்தார்கள். ஜப்பான்காரன் வந்ததும் எல்லாவற்றின் மேலும் தாரைப் பூசி, ஒரு செர்ரிப் பூவை வரைந்து, யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில் பெயரை மாற்றினான். தாருக்கு அடியில் நெற்கதிர் மேடாகவே இருந்ததால் அந்தப் பூவுக்கு வயிறு உப்பியிருந்தது. ஊரில் வேறு எதற்கும் வயிறு உப்பியிருக்கவில்லை. எல்லாரும் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தோம்.

அப்புறம் ஒருநாள் ஜப்பான்காரன் கெடாவைத் தூக்கிப் பக்கத்து நாட்டுச் சயாம்காரனிடம் (இன்றைக்குத் தாய்லாந்து என்கிறார்கள்) கொடுத்துவிட்டான். எங்களைக் கேட்கவில்லை. ஆனால் கொடுத்தவன் ஊரை விட்டுப் போகவும் இல்லை. தபால் ஆபீசுக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், ஜப்பான் ஆபீஸ் அப்படியே இருந்தது. வாசலில் துப்பாக்கியோடு சென்ட்ரி நின்றான். அவனைத் தாண்டுகிறவர்கள் முன்பு போலவே இடுப்பு மடியக் குனிந்துவிட்டுப் போனார்கள். ஆட்சி சயாமுக்கு, குனிவது ஜப்பானுக்கு என்ற ஏற்பாடு எங்களுக்குச் சீக்கிரமே பழகிவிட்டது.

கெடாவின் தலைநகரான அலோர் ஸ்டாரிலிருந்து மலாய் மொழியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. பலகையில் பூவை அழித்துவிட்டு, புதிய அரசாங்கத்தின் சின்னமான கருடப் பறவையைப் போட வேண்டும். பெயரைச் சயாம் எழுத்தில் எழுத வேண்டும். சயாம் அதிகாரி நேரில் வந்து பார்வையிடுவார். கருடனின் படம் பின்னர் அனுப்பப்படும். 'பின்னர் அனுப்பப்படும்' என்பதற்கு என்ன பொருள் என்று அரசாங்க வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் போஸ்ட்மாஸ்டர் சே ஹாஷிம், பாலிங் பக்கத்து மலாய்க்காரர். எல்லையோரம் வளர்ந்தவர் என்பதால் சயாம் மொழி சரளமாகப் பேசுவார். ஆனால் எந்த மொழியிலும் அவர் பேசுவது அபூர்வம். அன்று பேசினார்.

"இந்தக் கருடன் எப்படி இருக்கும், உனக்குத் தெரியுமா?"

"என்ன துவான் இப்படிக் கேட்கிறீர்கள்? கருடன் எங்கள் சாமி. சயாம்காரன் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டான். படமே தேவையில்லை. என்னிடம் விட்டுவிடுங்கள்."

(நாங்கள் சைவம். கருடனை நான் அதுவரை நிதானமாக நின்று பார்த்ததுகூட இல்லை.)

சயாம் எழுத்துக்குப் பக்கத்துச் சயாம் கோயிலுக்குப் போனேன். அங்கிருந்த பிக்கு ஓர் அட்டையில் அழகாக எழுதிக் கொடுத்தார். கருடனையும் அவரிடமே கேட்டிருக்கலாம். அவர் முதுகுக்குப் பின்னால் சுவரிலேயே ஒன்று இருந்திருக்கும். ஆனால் கருடனைப் பற்றி ஒரு தமிழன் போய்ச் சயாம்காரனிடம் கேட்பதா?

எஸ்டேட் பெருமாள் கோயிலுக்கு வர்ணம் அடித்தவர் பொன்னுசாமி. பகலில் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் சீவுவார், கோயில் வேலை வந்தால் தூரிகை எடுப்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆள் அனுப்பி வரவழைத்து, மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே கேட்டேன்.

"கூலி எவ்வளவு?"

"கூலி வேணாங்க கிராணி ஐயா. ஒரு சீட்டு குடுத்தா போதும்."

"என்ன சீட்டு?"

"இந்தாளு கவர்மெண்டு வேலையில இருக்கான்னு ஒரு சீட்டு. ஆபீஸ் முத்திரை குத்தி."

அவர் ஏன் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். சயாமில் ரயில் பாதை போட எஸ்டேட்களிலிருந்து ஆள் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். பாதை முடிந்துவிட்டது என்று ஒரு பேச்சு. முடிந்த பாதையைப் பழுது பார்க்க இன்னும் ஆள் வேண்டும் என்று இன்னொரு பேச்சு. போனவர்கள் திரும்பி வரவில்லை என்பது மட்டும் வெறும் பேச்சு இல்லை. பொன்னுசாமி குடியிருந்த கூலி வீட்டு வரிசையான லயத்தில் பாதிக் கதவுகள் பூட்டிக் கிடந்தன. அடுத்து அனுப்பும் ஆட்களில் அவர் பெயரும் சேர்ந்திருந்தது. வீட்டில் மனைவி செல்லம்மா, இரண்டு கைப்பிள்ளைகள்.

ஆகவே கொடுத்தேன். ஆனால் காலவரையறை இல்லாமல் சீட்டுக் கொடுப்பது நடைமுறைக்கு விரோதம் என்பதால், 'மேற்படி வேலை முடியும் வரை மட்டும் செல்லும்' என்று என் கைப்பட ஒரு வரி சேர்த்தேன். சட்டம் படித்தவன்கூட அவ்வளவு சுத்தமாக எழுத மாட்டான் என்று எனக்கு ஒரு பெருமை.

"முடியும் வரைக்குமா? முடிஞ்சதுக்கப்புறம்?"

"முடிந்ததும் சீட்டுச் செல்லாது."

பொன்னுசாமி சீட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஆபீசின் பின்கட்டில் வேலை தொடங்கியது. கடையில் பெயிண்ட் கிடைக்காத காலம். சுண்ணாம்பு, அடுப்புக்கரி, துணிக்குப் போடும் நீலம், கோயிலில் மிஞ்சிய கொஞ்சம் சிவப்பு, எல்லாவற்றையும் ஒட்டவைக்கக் கொஞ்சம் ரப்பர் பால் என்று அவர் எதை எதையோ குழைத்தார். ஒருநாள் மூக்கு வந்தது. நாலு நாள் கழித்து ஒரு சிறகு. அடுத்த வாரம் நெற்றியில் நாமம். நெற்கதிர்க் கட்டின் மேடு கருடனுக்குப் பொருத்தமான தொந்தியாக அமைந்தது. கடைசியில் பார்த்தால், ஒரு முழங்காலை ஊன்றி, இரண்டு கைகளையும் கூப்பி, பரம பக்தியோடு ஒரு கருடாழ்வார்.

"ஏன் மண்டி போட்டிருக்கிறார்?"

"பெருமாளுக்கு முன்னால அப்படித்தாங்களே இருப்பாரு."

"அது எனக்குத் தெரியும்" என்றேன். (தெரியாது.)

கண் மட்டும் இல்லை. இரண்டு இடத்திலும் வெறும் சுண்ணாம்பு.

"அதிகாரி நாளை மறுநாள் வருகிறார். கண் எங்கே?"

"கண்ணு கடைசியிலதாங்க தொறக்கணும். அதுக்கு விரதம் இருக்கணும். படையல் போடணும். பச்சரிசி, தேங்கா, வெல்லம்…"

"பச்சரிசியா? ஊரே கிழங்கு தின்கிறது. இது கோயில் இல்லை, பேங்க். இரண்டு புள்ளி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"புள்ளி வைக்க நேரமே ஆகாதுங்க" என்றார் பொன்னுசாமி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு. "அதாங்க பயமா இருக்கு."

அரிசிக்கு அடிபோடுகிறான் என்று நான் முடிவு செய்தேன். வேலை முடிந்தால் சீட்டுச் செல்லாது. சீட்டுச் செல்லாவிட்டால் ஆள் சயாமுக்குப் போக வேண்டும். முதல் வரியை எழுதியவன் நான், இரண்டாவது வரி ஊருக்கே தெரியும். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்படி எனக்கு எந்தச் சுற்றறிக்கையும் உத்தரவிடவில்லை. சே ஹாஷிம் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் மேசைக்குப் போய்விட்டார்.

அதிகாரி வரும் நாள் காலையில் பலகையை வாசலில் ஏற்றி, மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடினேன். கண் இல்லாவிட்டால் என்ன, கீழேயிருந்து பார்த்தால் தெரியாது என்று சமாதானம். விஷயம் எஸ்டேட் வரை பரவி, கவுண்டருக்கு வருகிற சாக்கில் ஒரு கூட்டம் கூடியிருந்தது. பொன்னுசாமி என் பக்கத்தில் நின்றார், செல்லம்மா ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

சயாம் அதிகாரி கரிப்புகையில் ஓடும் ஒரு காரில் வந்து இறங்கினார். மெலிந்த மனிதர். பளபளக்கும் பூட்ஸ், அமைதியான முகம். அவர் இறங்கிய அதே நேரத்தில், மரியாதைக்காக எதிர் ஆபீசிலிருந்து ஜப்பான் அதிகாரியும் சாலையைக் கடந்து வந்தார். கூட்டம் பழக்கதோஷத்தில் ஜப்பான்காரரைப் பார்த்துக் குனிந்தது. நானும் குனிந்தேன். நிமிர்ந்து, சயாம்காரர் நினைவுக்கு வந்து, அவருக்கும் தனியாக ஒரு முறை குனிந்தேன். அவர் அதைக் கவனித்தார்.

பிறகு கயிற்றை இழுத்தேன். துணி விழுந்தது.

கூட்டத்தில் பெண்கள் "கோவிந்தா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி முந்தானையில் கொண்டுவந்த சூடத்தைத் தரையில் கொளுத்திவிட்டாள். நான் பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். முதலில் சிரித்தது ஜப்பான் அதிகாரி. பலகையைக் காட்டினார், பிறகு எதிரே தன் ஆபீஸ் வாசலைக் காட்டினார். "பாகுஸ்! பாகுஸ்!" என்றார். நன்று, நன்று.

அப்போதுதான் நானும் திரும்பி எதிரே பார்த்தேன். கோயிலில் கருடாழ்வாருக்கு எதிரே பெருமாள் இருப்பார். எங்கள் கருடாழ்வாருக்கு எதிரே இருந்தது ஜப்பான் சென்ட்ரி. சயாம் ராஜாங்கத்தின் சின்னம் ஜப்பான் ஆபீசைப் பார்த்து மண்டியிட்டுக் கைகூப்பிக்கொண்டிருந்தது.

சயாம் அதிகாரியின் முகம் மாறவில்லை, காது மட்டும் சிவந்தது. தன் மொழியில் மெதுவாக ஏதோ கேட்டார். சே ஹாஷிம் என்னிடம் மலாயில் சொன்னார்: "இது யாரைக் கும்பிடுகிறது என்று கேட்கிறார்."

இங்கே வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஆனால் ஒரு மேலதிகாரி கேள்வி கேட்டால் முழுமையாகப் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. மலாயில், உரக்க, தெளிவாகச் சொன்னேன்: "தன்னுடைய எஜமானைத்தான், துவான்! இவர் ஒரு வேலைக்காரர். எப்போதும் எஜமானுக்கு எதிரே இப்படித்தான் மண்டியிட்டிருப்பார். அதுதான் இவருக்குப் பெருமை!" சொன்னதோடு நிற்காமல், எஜமான் இருக்கும் திசையில் கையையும் நீட்டினேன். கை நேராக ஜப்பான் ஆபீசைக் காட்டியது.

சே ஹாஷிம் அதை மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. ஜப்பான்காரருக்கு மலாய் தெரியும். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்புக்கும் விரல் நீட்டியதற்கும் எந்த மொழியிலும் பொருள் ஒன்றுதான்.

சயாம் அதிகாரி பலகையை இறக்கச் சொன்னால், பக்கத்தில் நின்று மெச்சுகிறவருக்கு அவமானம். இறக்காமல் போனால் அவருடைய ராஜாவுக்கு அவமானம். அந்த மனிதர் தலையை அண்ணாந்து பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். என் வேலை போயிற்று, வீட்டு அரிசிச் சீட்டுப் போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவர் கையை உயர்த்தி, கருடனின் முகத்தைக் காட்டி, ஒரு சின்னக் கேள்வி கேட்டார்.

"கண் இல்லையே, வேலை முடிந்துவிட்டதா என்கிறார்" என்றார் சே ஹாஷிம். சொல்லும்போது என் காலைப் பலமாக மிதித்தார். தற்செயலாக மிதிக்கிறார் என்று நான் காலை நகர்த்திக்கொண்டேன்.

"முடிந்துவிட்டது, துவான்! கண் ஒன்றுதான் பாக்கி. ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும். வேலையாள் இதோ நிற்கிறார்" என்று பொன்னுசாமியின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினேன்.

பொன்னுசாமியின் முகம் கருடன் கண்ணில் இருந்த சுண்ணாம்பு நிறத்துக்கு வந்தது. அவர் கை இடுப்புச் சீட்டைப் பிடித்துக்கொண்டது. செல்லம்மா பிள்ளையை இறக்கிக் கீழே விட்டுவிட்டு இரண்டடி முன்னால் வந்தாள். அவள் ஏன் வந்தாள் என்பதுகூட அந்த நிமிடத்தில் எனக்கு உறைக்கவில்லை.

சே ஹாஷிம் பேச ஆரம்பித்தார். என்னுடைய நாலு வாக்கியத்துக்கு அவருடைய மொழிபெயர்ப்பு மிக நீளமாக இருந்தது. அவர் அவ்வளவு பேசி அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. சயாம் அதிகாரி கவனமாகக் கேட்டார். பொன்னுசாமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கருடனைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கருடனுக்கு ஒரு கும்பிடு போட்டார். பிறகு ஜப்பான் அதிகாரியிடம் வருத்தம் தெரிவிப்பதுபோல் ஏதோ சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

ஆபீசுக்குள் போனதும் சே ஹாஷிம் கதவைச் சாத்தினார்.

"என்ன சொன்னீர்கள், துவான்?"

"கண் திறக்காத சாமியை வாசலில் மாட்டக் கூடாது, தமிழர்கள் சாத்திரம் என்றேன். கண் திறக்கிற ஆள் விரதம் இருக்க வேண்டும், நல்ல காலம் வர வேண்டும், அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றேன். அதற்குள் ஆளை வேறு வேலைக்கு அனுப்பினால், அது யாருடைய பறவையோ அவர்களுக்குத்தான் கெடுதல் என்றேன். அவருக்கும் பலகையை இறக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. முடியும் வரை மாட்டாதே, முடியும் வரை ஆளை மாற்றாதே, இதுதான் உத்தரவு."

"ஆனால் துவான், நான் ஒரு மணி நேரம் என்று…"

"நீ சொன்னதை நான் சொல்லியிருந்தால் அந்த ஆள் நாளைக்கு ரயிலில் இருப்பான்." மேசையில் உட்கார்ந்து வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். "எல்லாவற்றுக்கும் விதி வைத்திருக்கிறாயே. வாயைத் தைத்துக்கொள்ள ஒரு விதி இருந்தால் அதை முதலில் படி."

அப்போதுதான் இரண்டு வரியையும் சேர்த்துப் படித்தேன்.

கருடனின் படம் பிறகு அலோர் ஸ்டாரிலிருந்து நிஜமாகவே வந்து சேர்ந்தது. சயாம்காரனின் கருடன் யாரையும் கும்பிடவில்லை. மார்பை நிமிர்த்தி, சிறகை விரித்து, எவன் வந்தாலும் பார்த்துக்கொள்கிறேன் என்று நின்றது. ஒரு சீனக் கடைக்காரர் புதுப் பலகையில் அதை வரைந்து கொடுத்தார், கண்ணோடு. அதையே வாசலில் மாட்டினோம்.

ஆனால் பழைய பலகையின் வேலை? ஓர் அதிகாரி வாய்மொழியாகக் கொடுத்த உத்தரவை ரத்து செய்ய, அதே அந்தஸ்துள்ள இன்னோர் அதிகாரியின் உத்தரவு வேண்டும். அப்படி ஓர் உத்தரவை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நானும் யாருக்கும் நினைவூட்டவில்லை. மாதம் தவறாமல் 'வேலை நடைபெறுகிறது' என்று அலோர் ஸ்டாருக்கு எழுதி, பொன்னுசாமியின் சீட்டில் புதிதாக முத்திரை குத்தினேன். என் உத்தியோக வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே பொய் அறிக்கை அது. அதைத்தான் சரியான நடைமுறைப்படி எழுதினேன்.

பலகை பின்கட்டில் சுவரோரம் சாய்ந்திருந்தது. வாரத்தில் இரண்டு நாள் பொன்னுசாமி வந்து அதன் முன்னால் உட்கார்ந்து, சிறகில் ஒரு இறகைக் கறுப்பாக்குவார். அடுத்த வாரம் அதையே நீலமாக்குவார். கணக்கு இல்லாதவர்கள் உள்ளே வரக் கூடாது என்பதால், கருடனைக் கும்பிடவே எஸ்டேட் பெண்கள் கணக்குத் தொடங்கினார்கள். கவுண்டரில் கூட்டம் கூடியதற்கு அலோர் ஸ்டாரிலிருந்து எனக்குப் பாராட்டுகூட வந்தது.

இதற்கிடையில் அவருடைய லயத்திலிருந்து இன்னொரு தொகுதி போயிற்று. பொன்னுசாமி போகவில்லை.

ஜப்பான்காரனும் சயாம்காரனும் போய், வெள்ளைக்காரன் திரும்பி வந்து, வங்கிக்கு மறுபடியும் பெயர் மாறியபோது, "இப்போதாவது கண்ணைத் திறந்துவிடுங்கள், அண்ணே" என்றேன். அவர் மாட்டேன் என்றார். போனவர்களில் யாராவது திரும்பி வந்து சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் எதுவும் பேசவில்லை. கண் திறக்காமலே பலகையை எஸ்டேட் ஆட்கள் தங்கள் பெருமாள் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். என்னுடைய பதிவில் அது 'பயன்படுத்தத் தகாதது' என்று கழிக்கப்பட்டது.

பொன்னுசாமி அண்ணன் பிற்காலத்தில் டவுனுக்கே பலகை எழுதுகிறவர் ஆனார். மளிகைக்கடை, முடிதிருத்தும் கடை, சினிமாக் கொட்டகை எல்லாம் அவர் கைதான். எந்தப் பலகையிலும் எங்கோ ஒரு மூலை வர்ணமில்லாமல் இருக்கும். கடைக்காரர்கள் திட்டுவார்கள். அவர் சிரித்துக்கொண்டே தூரிகையைக் கழுவப் போய்விடுவார்.

என் மூத்த மகள் கல்யாணத்துக்கு வரவேற்புப் பலகை எழுதியதும் அவர்தான். சம்பந்தி வீட்டார் வந்து இறங்குகிற நேரம். பார்த்தால், பொன்னிறக் கரையில் ஒரு முழம் வெறும் பலகையாக இருக்கிறது. எனக்கு எங்கிருந்துதான் அந்தப் பழைய கிராணி வந்தானோ, "அண்ணே, என்ன இது? வேலையை முடிக்காமல் விட்டுவிட்டீர்களே!" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன்.

கிழவர் ஏணியில் நின்றபடியே திரும்பிப் பார்த்தார்.

"முடிச்சுட்டா என்னை எங்க அனுப்புவீங்க, கிராணி?"

என் மனைவி முதலில் சிரித்தாள். அவளுக்குக் கதை தெரியும். பிறகு என் பிள்ளைகள், பிறகு கதை தெரியாத சம்பந்திகளும் சேர்ந்துகொண்டார்கள். நான் மாப்பிள்ளை கையில் மாலையைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டேன்.

அன்று முதல் எங்கள் வீட்டில் நான் யாரிடமும் வேலை முடிந்ததா என்று கேட்க முடிவதில்லை. பாத்திரம் கழுவியாச்சா, வீட்டுப்பாடம் முடிந்ததா, கார் வரி கட்டியாச்சா, எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். இப்போது கடைசிப் பேரன்கூடச் சொல்லப் பழகிவிட்டான். "முடிச்சா எங்க அனுப்புவீங்க தாத்தா?" என்று கேட்டுவிட்டு ஓடுகிறான். எங்கே அனுப்பினார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சிரித்துவைக்கிறேன்.